டி பிரிவின் மொத்த எண்ணிக்கை

இலட்சியஜோதி மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பிற்காலத்தில் என்ன ஆக வேண்டும் என்பதை முடிவு செய்ய ஆண்டுதோறும் ஒரு வாரம் ஒதுக்குவார்கள். 2002ஆம் ஆண்டு அந்த வாரம் ஜூன் மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை தொடங்கி, புதன்கிழமையே முடிந்துவிட்டது. முடிவு செய்ய அதிகம் இருக்கவில்லை.

மாணவர்களுக்கு ‘இலட்சியப் படிவம்’ என்று ஒரு தாளை மூன்று பிரதிகளாகக் கொடுத்தார்கள். அதில் மூன்று இலட்சியங்கள் அச்சடிக்கப்பட்டிருந்தன. ஒன்று, பொறியியல். இரண்டு, மருத்துவம். மூன்று, மருத்துவம் கிடைக்காவிட்டால் பொறியியல். பொருத்தமானதை டிக் செய்ய வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது என்று கீழே போட்டிருந்தது.

நூற்றுப் பதினெட்டு பேரில் நூற்றுப் பதினேழு பேர் டிக் செய்தார்கள். மீதி ஒருத்தி ஆதிலட்சுமி. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் மணிலா என்கிற வேர்க்கடலையும் நெல்லும் பயிரிடும் இருசப்பனின் மகள். பத்தாவதில் அரசுப் பள்ளியில் நிறைய மதிப்பெண் வாங்கியதால் இந்தப் பள்ளியே வீட்டுக்கு ஆள் அனுப்பி, ஃபீஸ் வேண்டாம் என்று சொல்லி அழைத்துவந்திருந்தது. அவள் படிவத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தாள். அச்சுப்பிழையாக ஒன்று விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள். ஸ்கேலை வைத்து நான்காவதாக ஒரு கோடு போட்டு, ‘பி.எஸ்சி. கணிதம்’ என்று எழுதி, அதன் எதிரே டிக் செய்தாள். மூன்று பிரதிகளிலும் அப்படியே செய்தாள்.

மறுநாள் காலை முதல்வர் சின்னசாமி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் அந்த மூன்று பிரதிகளும் பக்கம்பக்கமாகக் கிடந்தன.

“இது யாரு வேலை?”

“நான்தான் சார்.”

“நாலாவது எங்கேர்ந்து வந்துச்சு?”

“கீழ இடம் இருந்துது சார். ஸ்கேல் வச்சுதான் போட்டேன்.”

சின்னசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்குப் போறோம்?”

“பஸ் ஏறத்தான் சார்.”

“கரெக்ட். கணக்குன்றது பஸ் ஸ்டாண்டு. அங்கேர்ந்து இன்ஜினியரிங் பஸ்ஸ புடிச்சுப் போய்க்கினே இருக்கணும். நீ இன்னாடான்னா பஸ் ஸ்டாண்டுலயே குடித்தனம் பண்றேன்ற.”

ஆதிலட்சுமி தெரிந்துகொள்ளும் ஆசையில் மட்டுமே கேட்டாள். “நீங்க என்ன சார் படிச்சீங்க?”

“எம்.எஸ்சி. மேத்ஸ். யுனிவர்சிட்டில கோல்டு மெடல்,” என்றார் சின்னசாமி. “பாரு, என்ன கதிக்கு வந்துட்டேன்!”

அவர் கையை அகல வீசிக் காட்டினார். அந்த வீச்சில் அவருடைய நாற்காலி, அலமாரியில் இருந்த கோப்பைகள், சுவரில் தொங்கிய பள்ளியின் கொள்கை விளக்கப் பலகை, கதவருகே நின்ற பியூன் எல்லாரும் எல்லாமும் அடங்கினார்கள். பிறகு கையை மடக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

“உங்கப்பாவ வரச் சொல்லு.”

இருசப்பன் விசேஷங்களுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். முதல்வர் அறைக்கு வெளியே பெஞ்சில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி மெதுவாகக் கேட்டார்.

“இன்னாம்மா தப்பு பண்ண?”

“படிவத்துல கணக்குனு எழுதினேன்பா.”

“அது தப்பா?”

“தெரியலப்பா.”

“எழுதாம இருந்திருந்தா ஆயிருக்குமே.”

இரண்டு பேரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே தாளாளர் முருகவேலும் இருந்தார். கோயில் பக்கம் லாட்ஜ் வைத்திருந்தவர், கல்விமேல் இருந்த பற்றால் பள்ளி தொடங்கியவர். எதையும் வளர்த்தாமல் விஷயத்துக்கு வந்தார்.

“பெரியவரே, நமக்கு உங்க பொண்ணு மேல ஒண்ணும் கோவம் இல்ல. எது வேணா படிக்கட்டும். ஆனா நம்ம ஸ்கூலு நூத்துக்கு நூறு தொழிற்கல்வினு வாசல்ல போர்டு எழுதியாச்சு. ஒருத்தர் கம்மியானா நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது புள்ளி ஒண்ணு அஞ்சுனு எழுதணும். பெயிண்டர் இடம் பத்தாதுன்றான். ஒரு கொழந்தையோட எதிர்காலம் முக்கியம்தான். போர்டு நாலு பேரு பாக்குறது.”

“சரிங்க சார்,” என்றார் இருசப்பன்.

“அதனால ஒரு ஏற்பாடு. ஏ, பி, சி மூணு செக்‌ஷனும் நூத்துக்கு நூறு. இந்தப் பொண்ணு டி செக்‌ஷன்.”

“டி செக்‌ஷன்ல இன்னும் யாரெல்லாம் சார் இருக்காங்க?” என்று கேட்டார் இருசப்பன்.

“இப்பதான ஆரம்பிச்சிருக்கோம்,” என்றார் முருகவேல்.

பன்னிரண்டாம் வகுப்பு டி பிரிவுக்கு மாடிப்படியை ஒட்டிய அறை ஒதுக்கப்பட்டது. அதுவரை ஆண்டுவிழா சாமான்கள் போட்டுவைத்திருந்த அறை. துணியில் வரைந்த அரண்மனை ஒன்றும் தெர்மக்கோல் அன்னம் ஒன்றும் அங்கேயே இருக்க அனுமதிக்கப்பட்டன. ஒரு பெஞ்ச், ஒரு கரும்பலகை, ஜன்னலுக்கு வெளியே செங்கம் சாலை.

பள்ளி விதிகளில் எந்தப் பிரிவுக்கும் விலக்கு கிடையாது. ஆகவே டி பிரிவுக்கும் வருகைப் பதிவேடு திறக்கப்பட்டது. வகுப்புத் தலைவர் தேர்தல் நடந்தது. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும் என்பதில் சிக்கல் வந்தபோது, வழிமொழிபவர் இல்லாமலேயே நடத்தலாம் என்று முதல்வர் எழுத்துமூலம் சலுகை கொடுத்தார். வாக்கெடுப்பு மட்டும் இரகசியமாக நடந்தாக வேண்டும் என்றார். ஆதிலட்சுமி சீட்டை நான்காக மடித்துப் பெட்டியில் போட்டாள். எண்ணிப் பார்த்து முடிவு அறிவித்தார்கள். அவள் ஜெயித்திருந்தாள்.

துப்புரவு முறைப்பட்டியலில் ஆறு நாளும் அவள் பெயர் இருந்தது. மாதத் தேர்வில் அவள் டி பிரிவின் முதல் ரேங்க். கடைசி ரேங்கும் அவள்தான். பள்ளியில் ஒவ்வொரு பிரிவின் முதல் ரேங்குக்கும் பாராட்டுச் சான்றிதழும் கடைசி ரேங்குக்கும் எச்சரிக்கைக் கடிதமும் காலைக் கூட்டத்தில் வழங்குவது வழக்கம். அவள் இரண்டு முறை மேடை ஏறினாள். முதல் முறை எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டாம் முறை முதல்வர் மைக்கில், “பக்கத்துல இருக்கறவங்களப் பாத்தாவது கத்துக்கணும்,” என்று சொன்னார். அவள் தன்னையறியாமல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். மைக் ஸ்டாண்டு இருந்தது.

ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை வந்தது. டி பிரிவு மாணவர்கள் பிற பிரிவு மாணவர்களின் இலட்சியத்தைக் கலைக்கும் வண்ணம் அவர்களுடன் உரையாடக் கூடாது. மதிய உணவு நேரமும் மாற்றப்பட்டது. ஏ, பி, சி பிரிவுகளுக்குப் பன்னிரண்டரை. டி பிரிவுக்குப் பன்னிரண்டு பத்து. மணி அடிக்கும் பியூன் அவள் ஒருத்திக்காகத் தனியாக ஒரு மணி அடித்தார். பள்ளி முழுக்க அது கேட்கும். அவள் எழுந்துபோய்ப் புங்க மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். மூன்று தளத்து ஜன்னல்களிலிருந்தும் யாராவது பார்த்தால் தெரியும் இடம். அவள் சாப்பாட்டில் பாதியை அப்படியே மூடிவைக்கப் பழகினாள். வீட்டில் அம்மா மணியம்மாள் டப்பாவைத் திறந்துபார்த்து, “குழம்பு நல்லால்லியா?” என்று கேட்டால், “டைம் பத்தலம்மா,” என்பாள்.

பதினோராம் வகுப்பில் ஒரே பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் சிந்துஜா. போளூர் சாலையில் மருந்துக்கடை வைத்திருந்தவரின் மகள். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். அவள் இப்போது ஏ பிரிவு. ஒருநாள் குடிநீர்க் குழாயருகே நின்று, குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“உன்னாண்ட பேசினா இலட்சிய மார்க்ல கொறைப்பாங்களாம்டி.”

“சரி.”

“கோச்சுக்காத ஆதி. டிசம்பர்ல மாடல் என்ட்ரன்ஸ் முடிஞ்சுடும். அப்புறம் பேசலாம்.”

“சரி.”

டிசம்பரில், ஜனவரி என்றாள். ஜனவரியில் தலையை மட்டும் அசைத்தாள். பிப்ரவரியில் ஆதிலட்சுமியே வேறு குழாய்க்குப் போகத் தொடங்கினாள்.

ஆசிரியர்கள் ஏ, பி, சி முடித்துவிட்டு நேரம் இருந்தால் டி பிரிவுக்கு வருவார்கள். பெரும்பாலும் நேரம் இருக்காது. அவள் சுவரை ஒட்டி பெஞ்சை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அந்தப் பக்கம் சி பிரிவு. இயற்பியல் ஆசிரியர் அங்கே கேள்வி கேட்டால், இந்தப் பக்கம் இவள் மெல்லிய குரலில் பதில் சொல்வாள். சரியா தப்பா என்று சுவர் சொல்லாது.

கணக்கு மட்டும் அவளுக்கு ஆள் இல்லாமலே ஓடியது. காலையில் ஒரு கணக்கை எடுத்து உட்கார்ந்தால் அந்த அறை, அரண்மனை, அன்னம் எல்லாம் மறந்துபோகும். ஒரு நாள் கைடு புத்தகத்தில் ஒரு விடை அவளுக்கு வரவே இல்லை. நான்கு நாள் போராடினாள். ஐந்தாம் நாள் விடைதான் தப்பு என்று தெரிந்தது. அச்சில் வந்ததைத் தப்பு என்று சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு இன்லேண்டு லெட்டரில் முழுக் கணக்கையும் போட்டு, சென்னையில் இருந்த பதிப்பகத்துக்கு அனுப்பினாள். மூன்று வாரம் கழித்து ஒரு கார்டு வந்தது. ‘தாங்கள் சுட்டியது சரி. அடுத்த பதிப்பில் திருத்தப்படும். நன்றி.’ கீழே புரியாத ஒரு கையெழுத்து.

அதை யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. காட்டத் தோதாக யாரும் இல்லை. அந்த வருடம் முழுக்க அவளிடம் கணக்கைப் பற்றிப் பேசியவர் அந்தப் புரியாத கையெழுத்துக்காரர் ஒருவர்தான்.

பெற்றோர் சங்கம் எல்லாப் பிரிவுக்கும் உண்டு. டி பிரிவின் பெற்றோர் சங்கத் தலைவராக இருசப்பன் தேர்ந்தெடுக்கப்பட்டார். செயலாளரும் அவரே. சட்டையில் குத்திக்கொள்ள இரண்டு பேட்ஜ் கொடுத்தார்கள். மாதம் ஒரு கூட்டம். நான்காவது கூட்டம் பௌர்ணமி அன்று வந்தது. கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். இருசப்பன் அங்கிருந்து நடந்தார். மலையைச் சுற்றும் ஜனமெல்லாம் ஒரு பக்கமாகப் போக, அவர் ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கமாக இடித்துக்கொண்டும் இடிபட்டுக்கொண்டும் வந்தார். “தாத்தா, சாமி அந்தப் பக்கம்!” என்று யாரோ கத்தினார்கள். “எனக்கு மீட்டிங் இருக்குதுப்பா,” என்று பதில் சொல்லிவிட்டு நடந்தார்.

கூட்டத்தில் இரண்டு பேர். மேசைக்கு அந்தப் பக்கம் சின்னசாமி, இந்தப் பக்கம் இருசப்பன். சின்னசாமி தீர்மானப் புத்தகத்தைத் திறந்து படித்தார். “பள்ளி நிர்வாகத்தின் சீரிய பணியைப் பாராட்டி டி பிரிவுப் பெற்றோர் அனைவரும் ஏகமனதாகத் தீர்மானிக்கிறார்கள். கையெழுத்துப் போடுங்க.”

“ஏகமனதானா இன்னா சார்?”

“ஒருத்தர்கூட மறுக்காம எல்லாரும் ஒரே மனசா ஒத்துக்கிட்டா ஏகமனது.”

“நான் ஒண்டியாத்தான சார் இருக்கேன்.”

“அதனாலதான் சட்டுனு முடியுது. ஏ செக்‌ஷன்ல ஃபேன் போடுறதா வேணாமானு மூணு மாசமா சண்டை. ஏகமனதா ஒரு தீர்மானம் போட்டுட்டா நிர்வாகம் மூணு நாளுக்குள்ள செஞ்சே ஆகணும், ரூல் அப்படி. நானே எழுதினது. எதையாவது செய்யணும்னு கேட்டு இதுவரைக்கும் எந்த செக்‌ஷனும் போட்டதில்ல,” என்று பெருமையாகச் சொன்னார் சின்னசாமி.

இருசப்பன் தலையாட்டினார். கையெழுத்து மட்டும் அவருக்குப் போட வரும். நிறுத்தி நிதானமாகப் போட்டார்.

திரும்பும் வழியில் டி பிரிவு ஜன்னல் பக்கம் வந்து நின்றார். மகள் உள்ளே தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவருக்கு முதுகுக்குப் பின்னால் லட்சம் பேர் பேசிச் சிரித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். மகள் இருப்பது இப்படித்தான் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டி பிரிவு என்றால் நாற்பது பிள்ளைகளாவது இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். தான் ஒரே பெற்றோராக வந்ததை, மற்றவர்கள் வேலை வெட்டி உள்ளவர்கள், வர முடியவில்லை என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஆதி.”

அவள் நிமிர்ந்தாள். “வாப்பா. மீட்டிங் ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு. வேற புள்ளைங்க எங்கம்மா?”

“நான்தான்பா.”

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா சொல்லல?”

“நீங்களும் அம்மாவும் கவலப்படுவீங்கனு.”

“இன்ஜினியரிங்குனு எழுதிக் குடுத்துடலாமா? கூட்டத்தோட சேத்துப்பாங்க.”

அவள் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். இருசப்பன் மடியிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்துக் கம்பி வழியே கொடுத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரியில் பிரிவுவாரியாகப் புகைப்படம் எடுத்தார்கள். ஆசிரியர்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும், மாணவர்கள் பின்னால் நிற்க வேண்டும் என்பது முறை. டி பிரிவுப் படத்தில் தாளாளர், முதல்வர் உள்பட ஒன்பது பேர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் ஆதிலட்சுமி நிற்கிறாள். புகைப்படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, “மத்தவங்க வந்துடட்டும் சார்,” என்றார். “எல்லாரும் வந்தாச்சு, எடுய்யா,” என்றார் முருகவேல். “ஓரத்துல இருக்கறவங்க கொஞ்சம் நெருக்கி நில்லுங்க,” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டுப் படம் எடுத்தார் அவர்.

மே மாதம் தேர்வு முடிவு வந்தது. ஆதிலட்சுமி ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு. பள்ளியில் முதலிடம்.

மறுநாளே வாசலில் புதிய போர்டு ஏறியது. நடுவில் அவள் முகம். பெயிண்டர் பழைய போர்டின் மாதிரியிலேயே வரைந்திருந்ததால் தலையில் இன்ஜினியர்கள் போடும் மஞ்சள் தொப்பி இருந்தது.

அரசு கலைக் கல்லூரியில் கணிதத்துக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். பள்ளிக்குத் தெரியாமல், கீழ்பென்னாத்தூரில் ஒரு டாக்டரிடம் சான்றொப்பம் வாங்கி, தானே போய்ப் பெட்டியில் போட்டது. தரவரிசையில் அவள் பெயர் முதலாவதாக வந்திருந்தது. சேர்க்கை வெள்ளிக்கிழமை. அசல் டி.சி. இல்லாமல் வந்தால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை அவளும் இருசப்பனும் பள்ளிக்குப் போனார்கள். முருகவேல் லட்டு கொடுத்து வரவேற்றார்.

“டி.சி.யா? இன்ஜினியரிங் கவுன்சிலிங் எல்லாம் முடியட்டும், ஆகஸ்டுல தரேன்.”

“சார், நான் இன்ஜினியரிங்குக்கு அப்ளிகேஷனே போடலியே,” என்றாள் ஆதிலட்சுமி.

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்த பொண்ணு கணக்கு படிக்குதுனு வெளிய போச்சுனா, கணக்கு நல்லா சொல்லித்தர ஸ்கூலுனு பேராயிடும். அப்புறம் எவன் வந்து சேருவான்? நான் டி செக்‌ஷன்ல உன்ன எவ்ளோ கவனமா வளத்தேன்! ஒரே ஒரு பொண்ணுக்கு ஒரு தனி ரூமு, தனி பெல்லு! கலெக்டர் பொண்ணுக்குக்கூட கெடைக்காது. அந்த நன்றிக்கு ரெண்டு மாசம் சும்மா இருக்கக் கூடாதா?”

சின்னசாமி பக்கத்தில் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஆதிலட்சுமிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவள் எழுந்துவிட்டாள். இருசப்பன் எழவில்லை. சட்டைப்பையிலிருந்து இரண்டு பேட்ஜையும் எடுத்துக் குத்திக்கொண்டார்.

“சார், டி பிரிவுப் பெற்றோர் சங்கம் அவசரக் கூட்டம் போடணும்.”

“எதுக்கு?”

“தீர்மானம் போட.”

“அதுக்கு உறுப்பினர்லாம் வரணும் பெரியவரே,” என்றார் முருகவேல்.

“வந்துட்டாங்க சார்,” என்றார் இருசப்பன். “முதல்வர் சார், அந்தப் புஸ்தகத்த எடுங்க.”

சின்னசாமி தாளாளரைப் பார்த்தார். தாளாளர் கூரையைப் பார்த்தார். புத்தகம் வந்தது. இருசப்பன் சொல்லச் சொல்ல ஆதிலட்சுமி எழுதினாள். அவளுடைய எழுத்து முதலில் ஆடியது, பிறகு நேரானது.

“செல்வி ஆதிலட்சுமிக்கு டி.சி. உடனே குடுக்கணும்னு டி பிரிவுப் பெற்றோர் எல்லாரும் கேட்டுக்கறாங்க. எழுதினியா? யாராவது மறுக்கறாங்களா?” இருசப்பன் தன் இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிப் பார்த்தார். “யாரும் மறுக்கல. ஏகமனதுனு போடும்மா.”

அவர் இரண்டு கையெழுத்துப் போட்டார். தலைவருக்கு ஒன்று, செயலாளருக்கு ஒன்று.

முருகவேல் புத்தகத்தை இழுத்து, “இதெல்லாம் செல்லாது,” என்றார்.

“செல்லும் சார்,” என்று மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார் சின்னசாமி. “விதி பதினாலு. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றாங்க. மொதல்ல இந்தப் புஸ்தகத்தத்தான் கேப்பாங்க. தீர்மானம் இருந்து நிறைவேத்தலன்னா அங்கீகாரத்துல கை வச்சுடுவாங்க.”

“பக்கத்தக் கிழி.”

“பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கு சார். நான்தான் போட்டேன்.”

புதன்கிழமை சின்னசாமி தன் கையாலேயே டி.சி. எழுதினார். முத்திரை குத்தி, மை காய ஊதி, அவளிடம் நீட்டினார். கொடுத்துவிட்டுக் கையை உடனே எடுக்கவில்லை.

“அங்க ஆல்ஜீப்ரா யாரு எடுக்குறாங்கனு தெரியுமா?”

“தெரியல சார்.”

“யாரா இருந்தாலும் முன் பெஞ்சுல உக்காரு. எனக்கு அது ரொம்பப் புடிக்கும்.” சொல்லிவிட்டுப் பதறிப்போய்க் கதவைப் பார்த்தார். “சரி, போ, போ. நிக்காத.”

கல்லூரியில் ஐம்பது பேர். முதல் வாரம் பக்கத்தில் இருந்தவர்கள் ஏதாவது கேட்டால் அவள் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நம்ப வேண்டியிருந்தது. சிந்துஜா சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டாள். கடிதம் எழுத விலாசம் தெரியவில்லை.

ஆகஸ்டில் அசல் மதிப்பெண் பட்டியல் வாங்க அவள் பழைய பள்ளிக்குப் போனாள். வாசலில் பெற்றோர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். வேலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் கார்கள் வந்திருந்தன. அவளுடைய தொப்பிப் படத்துக்குக் கீழே புதிதாக எழுதியிருந்தது: ‘ஒரு வகுப்புக்கு ஒரே மாணவர்! மாநிலத்திலேயே முதல்முறையாக! டி பிரிவு அட்மிஷன் நடைபெறுகிறது.’

முருகவேல் அவளைப் பார்த்ததும் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப்போனார். “வா வா, நீ ஆரம்பிச்சு வச்சது எப்டி வளந்திருக்கு பாரு! ஏ, பி, சில சேர ஆளே இல்ல. எல்லாரும் டிதான் கேக்குறாங்க. ஜாஸ்தி ஃபீஸு, அப்பவும் கேக்குறாங்க. புள்ளைக்குத் தொந்தரவே இல்ல பாரு. பக்கத்துல பேச ஆளு இருந்தாத்தான படிப்பு கெடும்?”

மதிப்பெண் பட்டியலை அவள் கையில் கொடுத்து, மேல்தளத்துக்கும் கூட்டிப்போனார். அங்கே பெரிய ஹாலை பிளைவுட் பலகை வைத்துத் தடுத்திருந்தார்கள். நடுவில் நடை. இரண்டு பக்கமும் கதவுகள். டி ஒன்று முதல் டி நாற்பதுவரை எண்கள். உள்ளே இருப்பவர்கள் கண்ணில் படாதபடி கதவுகளின் கண்ணாடிக்கும் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தது. நாற்பது பேர் இருக்கும் அந்த ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பெற்றோர் யாரோ கூப்பிட, முருகவேல் கீழே போய்விட்டார்.

ஆதிலட்சுமி அந்த நடையில் மெதுவாக நடந்தாள். பதினேழாம் எண்ணருகே வந்தபோது பலகைக்குக் கீழிருந்த இடுக்கில் பென்சில் ஒன்று உருண்டு வெளியே வந்தது. குனிந்து எடுத்து உள்ளே தள்ளினாள்.

“யாரு?” என்று ஒரு பெண் குரல் கேட்டது.

“நான் இங்க படிச்சவ. மார்க் ஷீட் வாங்க வந்தேன்.”

“தொப்பி போட்ட அக்காவா?”

“ஆமா. உன் பேரு இன்னா?”

“கவிநிலா.” பிறகு பலகைக்கு மிக அருகிலிருந்து குரல் வந்தது. “அக்கா, உங்களுக்கு இங்க எப்டி இருந்துது?”

ஆதிலட்சுமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நல்லாத்தான் இருந்துது, சீக்கிரம் போயிடும், நல்லா படி, இப்படி என்னென்னவோ வாய்வரை வந்தன. எதையும் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

“எனக்கு ஒரு ஜன்னல் இருந்துது,” என்றாள் கடைசியில். “உனக்கு இருக்குதா?”

“இல்லக்கா.”

“இன்னா படிக்கணும்னு ஆசை உனக்கு?”

“தெரியல. அத யோசிக்கறதுக்குள்ள கொண்டாந்து சேத்துட்டாங்க.”

கீழே மதிய உணவு மணி அடிக்கத் தொடங்கியது. ஒரு மணி, ஒரு கதவு திறந்து ஒரு பிள்ளை டப்பாவோடு போனது. ஐந்து நிமிடம் கழித்து அடுத்த மணி, அடுத்த கதவு. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“உனக்கு எப்ப மணி அடிப்பாங்க?”

“ஒண்ணரைக்குக்கா.”

“நான் கெளம்பட்டுமா? கிளாஸ் இருக்கு.”

அவள் இரண்டு அடி நடந்தாள். பின்னால் பலகையில் விரலால் மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது.

“அக்கா, கொஞ்ச நேரம் இருங்களேன். ஒண்ணும் பேச வேணாம். சும்மா அந்தாண்ட இருந்தா போதும்.”

ஆதிலட்சுமி மதிப்பெண் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, பிளைவுட்டில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கமும் யாரோ சாய்ந்து உட்கார்ந்ததில் பலகை கொஞ்சம் இந்தப் பக்கம் அழுந்தியது. அவள் நகரவில்லை.